சைகோன் லாத்தா வாங்கி வந்த இரவல்

கடை ஷட்டரைத் தூக்கிவிட்டு சாமி படத்துக்கு ஊதுபத்தி கொளுத்திக்கொண்டிருந்தபோது பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மௌத்து அறிவிப்பு வந்தது. மர்ஹூம் அப்துல் ரஹீம் அவர்களின் மனைவி மரியம் பீவி மௌத்தாகிவிட்டார், அஸர் தொழுகைக்குப் பிறகு நல்லடக்கம் என்றார்கள். யாரோ வயதானவர் போலிருக்கிறது, பாவம் என்று நினைத்தபடி கல்லா மேசையைத் துடைத்தேன். பக்கத்துத் துணிக்கடை ஜபருல்லா பாய் செருப்புகூடப் போடாமல் வந்து நின்று, "செல்வராசு, நம்ம சைகோன் லாத்தா போய்ட்டாங்கப்பா" என்றார். துணியைக் கையில் பிடித்தபடியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். நாற்பது வருஷப் பழக்கம். நிக்காஹ் அன்று அவருக்கு மரியம் என்று பெயர் வைத்ததும் எனக்குத் தெரியும். ஆனால் இந்த ஊரில் யார் அந்தப் பெயரைச் சொல்லி அவரைக் கூப்பிட்டோம்?

எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் லாத்தா என்றால் அக்கா. சைகோன் லாத்தா வியட்நாமில் பிறந்தவர். பெற்றோர் வைத்த பெயர் லியென். தாமரை என்று அர்த்தமாம். சைகோனில் ஓர் இசை நூலகத்தில் வேலை பார்த்தார். அங்கே அலமாரி நிறைய இருந்தவை ஒலிநாடாக்கள். ரஹீம் பாய் இங்கிருந்து போய் அந்த ஊரில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். போர் முடிந்து நகரம் கைமாறியபோது கடையையும் வீட்டையும் விட்டுவிட்டு இருவரும் காரைக்காலுக்கு வந்து சேர்ந்தார்கள். வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு காரைக்கால்மேட்டுப் பெண்களிடம் மீன் பேரம் பேசும் அந்தச் சின்ன உருவத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். பேரத்தில் அவரை ஜெயித்தவர் யாராவது இருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

அவர் வந்து இறங்கிய நாளின் கதையை அவரே சிரித்துச் சிரித்துச் சொல்வார். கூடவே ஒரு பெரிய தகரப்பெட்டி வந்ததாம். சைகோனிலிருந்து வரும் மருமகள், பெட்டியில் பட்டு இருக்கும், தங்கம் இருக்கும் என்று சொந்தபந்தம் எல்லாம் கூடத்தில் கூடியிருக்கிறது. மாமியார் பிஸ்மி சொல்லிப் பெட்டியைத் திறந்தால், உள்ளே வட்ட வட்டமாகத் தகர டப்பாக்கள், அதற்குள் பழுப்பு நிறத்தில் சுருள் சுருளாக நாடா. "சீரு கொண்டாந்திருக்கான்னு பாத்தா ரிப்பனைல்ல கொண்டாந்திருக்கா" என்றாராம் அந்த அம்மா. அந்த 'ரிப்பன்' எல்லாம் பாட்டு. ஆற்றில் துடுப்புப் போடுகிறவர்கள் பாடியது, நாற்று நடுகிற பெண்கள் பாடியது, ஒற்றைத் தந்தி வாத்தியம் வாசித்துக்கொண்டு கண் தெரியாத ஒருவர் பாடியது, தாலாட்டு, ஒப்பாரி. நூலகத்து ஆட்கள் ஊர் ஊராகப் போய்ப் பதிந்து வந்தவை. நாடாவுக்குத் தட்டுப்பாடு இருந்த காலம். பழையதை அழித்து அதன்மேல் புதியதைப் பதியப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டதும், தன் துணிமணிகளை அங்கேயே விட்டுவிட்டு லாத்தா இவற்றைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

ஒருமுறை நான் விளையாட்டாக, "அப்ப இதெல்லாம் திருட்டுச் சொத்துதானே லாத்தா" என்று கேட்டுவைத்தேன். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். "தம்பி, நான் லைப்ரரிக்காரி. எடுத்துக்கிட்டு வரல. இரவல் வாங்கிட்டு வந்தேன். இரவல் வாங்குனது வாங்குன எடத்துக்குத்தான் போவணும்" என்றார். பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, அந்த ஒரு வாக்கை வைத்துத்தான் அவர் மிச்ச வாழ்நாள் முழுவதும் வாழ்ந்துகொண்டிருந்தார்.

எங்கள் பழக்கம் ஆரம்பித்த கதையைச் சொன்னால் என் மானம் போகும். பரவாயில்லை. அப்போது பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் கேசட் ரெக்கார்டிங் கடை வைத்திருந்தேன். சிங்கப்பூரிலிருந்து திரும்பிய ஒருவரிடம் வாங்கிய ஸ்பூல் மெஷின், அதாவது இந்தப் பெரிய சக்கர நாடாவை ஓட்டும் மெஷின், ஊரிலேயே என்னிடம் மட்டும்தான் இருந்தது. அந்தப் பெருமையில் நான் தரையில் நடந்ததில்லை. லாத்தா ஒரு டப்பாவை நீட்டி, கேசட்டில் பதிந்து தரச் சொன்னார். மெஷினில் மாட்டி ஓட்டினேன். பாட்டு விநோதமாக இருந்தது. ஒவ்வொரு சொல்லும் மெல்லப் பொங்கி வந்து சட்டென்று அறுந்தது. நடுவில் ஏதோ ஒரு வாத்தியம் உறிஞ்சுவதுபோல் சிணுங்கிக்கொண்டே வந்தது. அந்த நாட்டுச் சங்கீதம் இப்படித்தான் இருக்கும்போல என்று முழுவதையும் பதிந்து வைத்தேன். மறுநாள் லாத்தா வந்தபோது, "பிரமாதமான பாட்டுங்க, அதிலயும் அந்த வாத்தியம் இருக்கே" என்று தலையை வேறு ஆட்டினேன்.

லாத்தா ஹெட்போனைக் காதில் வைத்தார். கொஞ்ச நேரம் முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. பிறகு வாயைத் துப்பட்டியால் பொத்திக்கொண்டு குலுங்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். நான் பாட்டைக் கடைசியிலிருந்து முதலுக்கு, தலைகீழாகப் பதிந்து வைத்திருந்தேன். அந்த வாத்தியம், ஒரு குழந்தை சிணுங்கும் சத்தம். அது ஒரு தாலாட்டு.

தப்பு எங்கே நடந்தது என்று அவர் விளக்கினார். கேசட் கடைக்காரனான எனக்குப் பாட்டு முடிந்ததும் திருப்பிச் சுற்றி வைத்துத்தான் பழக்கம். அவர்கள் நூலகத்தில் நேர்மாறு. ஓடி முடிந்த நாடாவைத் திருப்பிச் சுற்றாமல், முடிவு வெளியே இருக்க, அப்படியே டப்பாவில் வைத்துவிடுவார்கள். முடிவு என்று தெரிய நுனியில் சிவப்புத் துண்டு ஒட்டியிருக்கும். வேகமாகச் சுற்றிய நாடா கோணல்மாணலாக உட்கார்ந்து கெட்டுப்போகும். நிதானமாக ஓடி முடிந்தது வருஷக்கணக்கில் அப்படியே இருக்கும். ஸ்பூல் மெஷின் வைத்திருக்கிறவனுக்கு இதுகூடவா தெரியாது என்று நினைத்து அவர் சொல்லாமல் விட்டிருக்கிறார். "கேட்டவங்க சுத்தக் கூடாது தம்பி. அடுத்தாப்புல கேக்க வர்றவங்க சுத்திக்கணும்" என்றார். அடுத்து ஒருவரும் வரவில்லையென்றால் என்ன செய்வது என்று கேட்டேன். "வருவாங்க. வருவாங்கன்னுதானே அப்புடி வைக்கறது" என்றார்.

அந்தக் கேசட்டை அழித்துவிட்டு ஒழுங்காகப் பதிந்து தருகிறேன் என்றேன். விடவில்லை. வேறு கேசட்டில் பதியச் சொல்லிவிட்டு, என் பேனாவை வாங்கி, அப்போதுதான் பழகிக்கொண்டிருந்த கோணல் தமிழ் எழுத்தில் லேபிளில் எழுதினார்: 'பாடியவர்: செல்வராசு. ஊர்: காரைக்கால்.' ஊர் பேர் இல்லாமல் எதையும் வைக்கக் கூடாது என்பது அவர்கள் தொழில் தர்மமாம்.

கடல் காற்று இரும்பையே தின்னும் ஊரில் நாடாவைக் காப்பாற்றுவது லேசுப்பட்ட காரியமா? மாடியில் ஓர் அறையை அதற்கென்றே ஒதுக்கி, ஜன்னல் இடுக்கில் துணி அடைத்து வைத்திருந்தார். செருப்பு அட்டைப்பெட்டியிலும் மாத்திரை டப்பாவிலும் ஈரம் உறிஞ்சச் சின்னச் சின்னப் பொட்டலம் போட்டிருப்பார்களே, அந்தச் சிலிக்கா பொட்டலம் ஒன்றுவிடாமல் அவருக்கு வேண்டும். துபாயிலிருந்து, சவூதியிலிருந்து யார் விடுமுறையில் வந்தாலும் லாத்தாவுக்கு ஒரு கைப்பிடி சிலிக்கா கொண்டுவருவது அந்தத் தெருவில் வழக்கமாகிவிட்டது. அத்தர் கொண்டுவந்தவரைவிட சிலிக்கா கொண்டுவந்தவருக்குத்தான் அந்த வீட்டில் டீயும் தம்ரூட் அல்வாவும் கிடைக்கும்.

அந்த அறைக்குள் காற்றுகூட லாத்தாவைக் கேட்டுத்தான் போகும் என்று நான் கேலி செய்வேன். சுனாமி அன்று அந்தக் கேலி பொய்யாகிப் போனது. தண்ணீர் அவர் தெரு வரை வரவில்லை. ஆனால் காரைக்கால்மேட்டிலிருந்து ஓடி வந்த ஒரு குடும்பம், ஈரத் துணியும் கைக்குழந்தையுமாகப் பள்ளிவாசல் வாசலில் நின்றது. அவர்களை அழைத்துவந்து, டப்பாக்களை எல்லாம் மாடிப்படி ஓரம் அடுக்கிவிட்டு, அந்த அறையைக் கொடுத்துவிட்டார். பிறகு பெய்த மழையில் இரண்டு டப்பாக்களுக்குள் ஈரம் இறங்கி நாடா ஒட்டிப்போனது. இப்படிக் கெட்டுப்போச்சே என்று நான் புலம்பினேன். அவரோ, "நானும் ஓடி வந்தவதான் தம்பி. ஓடி வந்தவங்களுக்கு மொதல்ல எடம் வேணும். பாட்டு அப்பறந்தான்" என்றார். ஊர் அவரை மருமகள் என்றுதான் சொல்லும். அவர் மட்டும் தன்னை அகதி என்றே சொல்லிக்கொள்வார். "கல்யாணம் கட்டிக்கிட்டா அகதி இல்லன்னு ஆயிடுமா?" என்று கேட்பார். அதில் வருத்தம் இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வியட்நாமுக்குப் போய்வரும் வழி பிற்பாடு திறந்துவிட்டது. ரஹீம் பாய் இருந்தபோதே ஒருமுறை போய்வரலாம் என்று கூப்பிட்டார். பிரான்சில் இருக்கும் மகள் நூரு பலமுறை கூப்பிட்டாள். லாத்தா நகரவில்லை. "இரவலைத் திருப்பாம எந்த மூஞ்சியோட போறது?" என்பார். பாட்டோடு போக வேண்டும், அதை வைத்துக் காப்பாற்றத் தெரிந்தவர்கள் கையில் கொடுக்க வேண்டும், பிறகுதான் சொந்த ஊர். அந்த நாட்டு நூலகங்களுக்கு எழுதிக் கேட்டவற்றுக்குப் பதில் வரவில்லை. வெளிநாட்டுக்காரர் ஒருவர் வீடு தேடி வந்து, எல்லாவற்றையும் தன் நாட்டுக்குக் கொண்டுபோய்க் குளிர்ப்பெட்டியில் பத்திரமாக வைப்பதாகச் சொன்னார். லாத்தா அவருக்கு வயிறாரச் சோறு போட்டு, மரியாதையாகப் பஸ் ஏற்றிவிட்டார். நாடா உதிர்வதற்குள் பதில் வருமா என்ற கவலை மட்டும் அவரை விடவில்லை. தன் உடம்பைப் பற்றி அவர் அப்படிக் கவலைப்பட்டு நான் பார்க்கவில்லை.

கேசட் தொழில் படுத்ததும் நான் செல்போன் ரீசார்ஜுக்கும் ஜெராக்ஸுக்கும் மாறினேன். ஸ்பூல் மெஷினை லாத்தா வீட்டு மாடிக்கே கொண்டுபோய் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் போய் ஒவ்வொரு நாடாவாகக் கம்ப்யூட்டரில் ஏற்றுவோம். ஒரு பாட்டையாவது இணையத்தில் போடலாம் என்று நூரு சொன்னபோது லாத்தா மறுத்தார். இரவல் பொருளைத் தெருவில் பரப்புவதா என்றார். "கொடுத்தவங்களைத் தேட வேணாமா உம்மா?" என்று மகள் கேட்ட பிறகுதான் இறங்கிவந்தார். அந்தத் தாலாட்டை, பாடியவர் பெயரும் ஊரும் எழுதிப் போட்டோம். மாதக்கணக்கில் அதைக் கேட்டது நான், லாத்தா, நூரு மூன்று பேர்தான்.

போன வருஷம் ஒருநாள் அதன் கீழே வியட்நாமிய மொழியில் யாரோ எழுதியிருந்தார்கள். போனை எடுத்துக்கொண்டு ஓடினேன். லாத்தா படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடியும் படிக்கப் பார்த்தார். "இது எங்கம்மா கொரலுன்னு சொல்லுது இந்தப் புள்ள" என்றார்.

அந்தப் 'புள்ள'க்கு அறுபது வயதிருக்கும். வீடியோவில் வந்தார். பின்னால் வாழைமரமும் வாய்க்காலும் தெரிந்தன. பார்த்தால் எங்கள் பக்கத்துக் கோட்டுச்சேரி என்றுதான் சொல்வேன். இருவரும் பேசியது எனக்குப் புரியவில்லை. லாத்தா என்னைப் பார்த்து, "சுத்துங்க தம்பி. அடுத்த ஆளு வந்தாச்சு" என்றார். நாடாவைத் திருப்பிச் சுற்றி ஓட்டினேன். குழந்தை சிணுங்கும் இடம் வந்ததும் அந்தம்மா போனை விட்டுத் தள்ளிப்போய் நின்றார். அது தானா, தன் அண்ணனா என்று தெரியவில்லை என்றாராம். பாட்டு முடிந்ததும் அவர் சொன்னது ஒன்றே ஒன்று: அம்மாவின் புகைப்படம்கூடத் தங்களிடம் கிடையாது.

அந்தம்மா வழியாகத்தான் அங்கே ஒரு நூலகத்தில் பேசி, எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வதாகப் பதில் வந்தது. நீங்களே கொண்டுவாருங்கள் என்று எழுதியிருந்தார்கள். லாத்தா கடைத்தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். மீன்காரப் பெண்கள்வரை சேதி போய்விட்டது. நூரு பிரான்சிலிருந்து வந்து டிக்கெட் எடுத்தாள். அதே தகரப்பெட்டிக்குப் பெயிண்ட் அடித்துக் கொடுத்தேன். அடுத்த வாரம் பயணம். இந்த வாரம், விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. ஆண்டவன்மேல் எனக்கு வருத்தம் இருக்கிறது. ஒரு வாரம் பொறுத்திருக்கலாம்.

அடக்கம் முடிந்து வந்ததும் நூரு என்னை மாடிக்குக் கூப்பிட்டாள். டப்பாக்கள் எல்லாம் பெட்டியில் அடுக்கியாகிவிட்டது. மெஷினில் மட்டும் ஒரு நாடா. முந்தின நாள் சாயங்காலம் உம்மா உட்கார்ந்து கேட்டார் என்றாள். அந்தத் தாலாட்டு. ஓடி முடிந்து, சிவப்பு நுனி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

"சுத்தி வச்சிடவா மாமா?" என்றாள்.

"வேணாம்மா" என்றேன். "அப்படியே கொண்டுபோ. அங்க உள்ளவங்க சுத்திக்கட்டும்."

பெட்டி நாளை மறுநாள் கிளம்புகிறது. பாட்டுகளில் ஒன்றுகூட இங்கே தங்கக் கூடாது. லாத்தாவின் வாக்கு அது. கம்ப்யூட்டரில் இருப்பதையும் நூருவிடம் கொடுத்துவிட்டேன். எனக்கு என்று நான் வைத்துக்கொண்டது, எந்த நாடும் கேட்டு வராத அந்தத் தலைகீழ் கேசட் மட்டும்தான். லேபிளில் மை மங்கிவிட்டது. பெயரும் ஊரும் இன்னும் தெரிகின்றன. நேற்றுக் கடையைச் சாத்திவிட்டு அதை முழுவதும் கேட்டேன். முடிந்ததும் பழக்கதோஷத்தில் கை ரீவைண்ட் பொத்தானுக்குப் போனது. அழுத்தவில்லை. அப்படியே எடுத்து வைத்திருக்கிறேன்.