பையைத் தைக்கிற ஒப்பரேஷன்

நாகேஸ்வரியை எனக்குப் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் கோணேஸ்வரியின் புருஷனுடைய அக்கா. எங்களுக்கெல்லாம் ஏழு வருடம் முன்னரே கனடாவுக்கு வந்துவிட்ட பெருமையில், நாங்கள் குடியிருந்த மோர்னிங்சைட்டில் யாருக்கு வருத்தம் என்றாலும் கூடப்போய் டொக்டருடன் ஆங்கிலம் பேசுவார். பாதி விளங்கும். மிச்சத்தைத் தானே இட்டுக்கட்டிவிடுவார்.

கோணேஸ்வரி மட்டக்களப்புப் பெண். என்னோடு ஒரு ஹோட்டல் லோண்டரியில் வேலை செய்தாள். 1986இல் அவளுக்கு முப்பத்துநான்கு வயது, முந்நூற்றுப் பத்து இறாத்தல் எடை. நனைந்த துணி வண்டியைப் பத்தடி தள்ளினால் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவாள். மாதக்கணக்கில் வெறும் அவித்த முட்டைக்கோவாவோடு இருந்து பார்த்தாள். குறைந்ததை விடக் கூடுதலாகவே திரும்பி ஏறியது. ஆனாலும் விருந்துக்குப் போனால் அவளுடைய சோற்றுக் கோப்பையை எல்லோரும் எட்டிப் பார்ப்பார்கள். அந்தக் கண்களை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

சீனி வருத்தம், பிரஷர், முழங்கால் நோவு என்று ஒவ்வொன்றாக வந்தபிறகு டொக்டர் ஓர் ஒப்பரேஷன் பற்றிச் சொன்னார். கூடப்போன நாகேஸ்வரி வீட்டுக்கு வந்து தம்பி பாக்கியராசாவிடம் சொன்னது இவ்வளவுதான்:

"தம்பி, இவள்ட பையைத் தைக்கப் போறாங்களாம்."

பாக்கியராசாவுக்குத் தெரிந்த பை பிள்ளைப்பை மட்டும்தான். கலியாணமாகிப் பத்து வருடம், பிள்ளை இல்லை. "கையெழுத்து வெச்சாய் எண்டா இந்த வீட்டுக்கு வராத," என்று கோணேஸ்வரியிடம் கத்தினான்.

மறுநாள் லோண்டரியில் கோணேஸ்வரி அழுதாள்.

"பிள்ளைப்பையைத் தைச்சா உடம்பு எப்பிடிக் குறையும், வதனாக்கா?"

இந்தக் கேள்வி அந்த இரண்டு மண்டைகளுக்கும் வரவில்லை. அடுத்தமுறை நானும் போனேன். பாக்கியராசாவும் நாகேஸ்வரியும் பின்னால் வந்தார்கள். டொக்டர் இரைப்பையைப் படமாகக் கீறினார். மேல்பக்கம் ஒரு முட்டையளவு இடம் விட்டு, மிச்சத்தைக் காகிதத்துக்கு ஸ்டேப்ளர் ஊசி அடிப்பதுபோல அடித்து மறிப்பார்களாம். அதிலும் ஆபத்து உண்டு, ஆயுள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சாப்பிடலாம் என்றார். செய்யாமல் விட்டால் இதயம் அதிக காலம் தாங்காது என்றும் சொன்னார். ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன்.

"பை எண்டா பைதானே," என்று நாகேஸ்வரி முகத்தைத் திருப்பினார். வெட்கம் என்பது துளியும் இல்லை.

பாக்கியராசாவின் முகம் மலர்ந்தது. "இரைப்பையோ! அப்ப பிள்ளைக்கு ஒண்டும் ஆகாது. செய்யட்டும், செய்யட்டும்."

எனக்கு அவனை அறையவேண்டும் போலிருந்தது. ஆபத்து என்று டொக்டர் சொன்னதை அவனும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.

கோணேஸ்வரி அவன் பக்கம் திரும்பினாள். "போன கிழமை ஒப்பரேஷன் வேண்டாம் எண்டீங்க, நான் செத்தாலும் பரவாயில்லை. இப்ப செய்யட்டும் எண்டுறீங்க, இப்பவும் நான் செத்தாலும் பரவாயில்லை," என்றாள். அவள் பேனையை எடுத்து, டொக்டர் நீட்டிய சம்மதப் படிவத்தில் தனக்குத் தெரிந்த ஆங்கில எழுத்தில் மெதுவாகக் கையெழுத்து வைத்தாள்.

படிவத்தில், ஏதும் நடந்தால் யாருக்கு அறிவிப்பது என்று கேட்டிருந்தது. அதில் பாக்கியராசாவின் பெயர் ஏற்கெனவே இருந்தது.

"அதை வெட்டிப்போட்டு உங்கட பேரை எழுதுங்க, வதனாக்கா."

எழுதினேன். அவன் பக்கத்துக் கதிரையில்தான் இருந்தான்.