காப்பும் மாத்திரையும்

ஒரகடத்தில் கார் பாகம் செய்யும் கம்பெனியில் என் கணவருக்கு வேலை. காதில் யாரோ கூப்பிடுவதுபோலக் கேட்கும் மனநோய் இருந்தாலும், மாத்திரையால் நன்றாக இருந்தார். போன ஆடியில் தீ மிதிப்பதற்காக அவர் அம்மனுக்குக் காப்புக் கட்டியதும், "காப்பு கட்டிக்கினு மாத்திரை இன்னாத்துக்கு? ஆத்தா பாத்துக்குவா" என்று மாமியார் நிறுத்திவிட்டார். விரத நேரத்தில் எதிர்த்துப் பேச எனக்கும் பயம்.

தீமிதிக்கு முன்பே குரல் திரும்பியது. கம்பெனி பஸ்ஸுக்கு நின்றவர், "ஆத்தா கூப்புடுறா" என்று கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே இறங்கிவிட்டார். கூட நின்றவர்கள் சட்டையைப் பிடித்து இழுத்ததால் பிழைத்தார்.

"எம்புள்ளைய லாரிக்கு அடியிலயா ஆத்தா கூப்புடுவா? அது அவ கொரல் இல்ல" என்று அழுத மாமியார், அன்றே அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார்.

இந்த ஆடியிலும் காப்புக் கட்டியிருக்கிறார். மாத்திரை சாமி படத்துக்கு முன்னால் இருக்கிறது. அவர் அதை விழுங்கிய பிறகுதான் மாமியார் கற்பூரம் ஏற்றுகிறார்.