எரியும் விளக்கை இறக்கக் கூடாது

கடலை எண்ணெயில் கோடிகளைப் பார்த்த மில் முதலாளி ஒருவர் எங்கள் ஊரில் உண்டு. திருவண்ணாமலையில் பௌர்ணமி அன்னதானம், பள்ளிக்கூடக் கட்டடம், கண் முகாம் என்று எதுவானாலும் பணம் அவருடையது. பேனரில் வரும் தமிழ் என்னுடையது. நகைச்சுவை எழுதிப் பிழைக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு, ‘வள்ளலே வருக’ எழுதித்தான் பிழைக்கிறேன். அவருடைய ஒரே வாரிசு, கல்லூரியில் என்னோடு படித்தவன், அப்போது கல்லீரல் கெட்டுச் சென்னை ஆஸ்பத்திரியில் கிடந்தான்.

கண் முகாம் பேனரில் மகன் படத்தையும் போடச் சொன்னார் பெரியவர். அடுத்த முதலாளி நன்றாக இருக்கிறான் என்று ஊர் நம்ப வேண்டும். எண்ணெய் டின்னில் இருக்கும் எரிகிற குத்துவிளக்கு முத்திரையும் பெரிதாக வேண்டும் என்றார். பேனர் அடிக்கும் கடைக்காரர் அதைக் காலியாக இருந்த இடத்தில், மகன் படத்துக்கு நேர்கீழே வைத்துவிட்டார்.

கீழ்பென்னாத்தூர் சாலையில், மில் வாசலில் பேனர் ஏறியது. முகாம் பற்றிய என் நான்கு வரிகளை யாரும் படிக்கவில்லை. அது எனக்குப் பழக்கம்தான். படத்தையும் அதன் கீழே விளக்கையும் பார்த்தவர்கள், செத்துப்போனவர் படத்துக்கு வருவதுபோல மாலையோடு வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

பேனரை எடுத்துவிடலாம் என்றேன் பெரியவரிடம்.

“எரியற விளக்க எறக்கக் கூடாது தம்பி. அவன் இப்படி கெடக்கும்போது நான் எறக்குவனா?”

விளக்கின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டலாமா என்று கேட்டு, அவர் பார்வையை வாங்கிக் கட்டிக்கொண்டேன். பேனர் நின்றது. வந்தவர்களுக்கெல்லாம் அவரே காப்பி கொடுத்து, பையன் நன்றாகத்தான் இருக்கிறான் என்று சொல்லி அனுப்பினார். மாலைகளை வாட்ச்மேன் மில்லில் இருந்த சாமி படங்களுக்குப் போட்டார்.

தன் ஈரலில் பாதியைத் தருவதாகவும் டாக்டர்களிடம் சொல்லிப் பார்த்தார். வயதைக் காட்டி மறுத்துவிட்டார்கள். ஊருக்கே கொடுத்த மனிதரிடம் இதை மட்டும் வாங்கிக்கொள்ள ஆளில்லை.

கடைசியில், இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். வழியெல்லாம் அவனைச் சிரிக்க வைக்க என்னையும் காரில் ஏற்றிக்கொண்டார் பெரியவர். செஞ்சி தாண்டும்போதே என் சரக்கு தீர்ந்துவிட்டது. வேறு வழியாகப் போகலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மில் வாசலில் அவன் கண்ணைத் திறந்து, வண்டியை நிறுத்தச் சொன்னான். பேனரைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

“நல்ல போட்டோ நைனா. இதையே வெச்சுக்குங்க. அப்புறம் தேட வேணாம்.”

பெரியவர் காரிலிருந்து இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். முடிச்சு இறுகியிருந்தது. ஓடிவந்த வாட்ச்மேனைக் கிட்டே விடவில்லை. நான் கீழ்முனையைப் பிடித்துக்கொண்டேன். விளக்கு தரையில் படக் கூடாது என்றார். படாமல் மடித்தோம்.