நெல் போன கூடத்தில் ஒரு சப்வூஃபர்

வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று பத்துக்கு எல்லாம் கெட ஆரம்பித்தது. கொள்முதல் நிலையத்தில் எங்கள் முறை வந்துவிட்டதாகப் போன் வந்தது. மழைக்குப் பயந்து கூடத்தில் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்த நெல் மூட்டைகளைச் சுமைக்காரர்கள் லாரியில் ஏற்றினார்கள். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான்.

கூடம் காலியானதும் ஒரு பாட்டைப் போட்டுப் பார்த்தேன். அடிநாதத்துக்கென்றே உள்ள ஸ்பீக்கர் பெட்டியான சப்வூஃபர் முழங்கியது. அலமாரியில் தம்ளர்கள் நடுங்கின. மூட்டை விட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்க வந்த சுமைக்காரர் தலைத்துண்டை உதறிக்கொண்டே, "என்ன டீச்சர், பொட்டிக்குள்ள எருமையைக் கட்டிப்போட்டிருக்கீங்களா?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆறு மணிக்கு என் மகன் வீட்டுக்கு வருகிறான். அதற்காகத்தான் அன்று பள்ளிக்கு லீவு போட்டிருந்தேன்.

அறுவடை தொடங்கிய நாட்களில், சாலையில் காயப்போட்டிருந்த நெல்லில் அவன் பைக் வழுக்கிவிட்டது. தலையில் அடி. யார் வீட்டு நெல் என்று நான் விசாரிக்கவில்லை. நாங்களும் சாலையில்தான் காயப்போடுகிறோம். தஞ்சாவூரில் ஆஸ்பத்திரி, பிறகு அங்கேயே என் தங்கை வீடு. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். ஒருநாள் போனில், "அந்த சப்வூஃபரைப் பிரிச்சியாம்மா?" என்றான். விபத்துக்கு முன்பு அவன் வாங்கியது, அட்டைப்பெட்டியிலேயே கிடந்தது. விழுந்த பிறகு அவனாகக் கேட்ட முதல் கேள்வி அதுதான். டாக்டரிடம் கேட்டேன். "பாட்டு கேக்கட்டும். தலைக்குள்ள இடிக்கிற மாதிரி இருக்குன்னா உடனே நிறுத்திடுங்க" என்றார்.

ஆகவே இடிக்கக் கூடாது. பள்ளிக்கூடம் விட்டு வந்து மாலைதோறும் அதை இடிக்காமல் பாடவைக்கப் பார்த்தேன். அவனுடைய இரண்டு ஸ்பீக்கர்களும் குரலையும் நாதஸ்வரத்தையும் நன்றாகவே பாடும். தவிலின் அடிநாதம்தான் அவற்றுக்கு எட்டாது. அந்தக் குறையை மட்டும் சப்வூஃபர் நிரப்ப வேண்டும். தனியாக ஒரு பெட்டி முழங்குவதே தெரியக் கூடாது. வியாழக்கிழமை அது கைகூடிவிட்டது. ஆனால் எல்லாவற்றையும் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து சரிசெய்திருந்தேன். மிஞ்சிய முழக்கத்தை நெல் விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறது. இப்படி ஒரு தப்பு எங்கள் பக்கத்தில்தான் நடக்கும்.

தஞ்சாவூரிலிருந்து அவனைக் காரில் அழைத்து வந்துகொண்டிருந்த கணவர், கும்பகோணத்தில் டீ குடிக்க நிறுத்தியபோது கூப்பிட்டார். விஷயத்தைச் சொன்னேன்.

"லாரியைத் திருப்பச் சொல்லவா?"

"வெளையாடாதீங்க. வண்டியை மெதுவா ஓட்டுங்க."

"நாப்பதுலதான் வரேன். டிராக்டரெல்லாம் முந்திட்டுப் போவுது."

ஒலியைக் குறைத்துப் பார்த்தேன். முழக்கம் போயிற்று, கூடவே தவிலும் தகர டப்பாவாகிவிட்டது. அதைக் குறைத்து வைத்துக்கொண்டு, ஏதோ பாடுகிறது என்று அவனிடம் காட்ட எனக்கு மனமில்லை. கூடம் இனி காலியாகத்தான் இருக்கும். காலிக் கூடத்தில்தான் இது பாட வேண்டும்.

ஒரு வீடியோவில் பார்த்த வழி நினைவுக்கு வந்தது. அவன் உட்காரும் நாற்காலியில் சப்வூஃபரைத் தூக்கி வைத்தேன். பாட்டை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போனேன். எந்த இடத்தில் என் காதுக்கு அடிநாதம் சீராகக் கேட்கிறதோ, அங்கே பெட்டியை வைத்தால் நாற்காலியில் அவனுக்கும் அப்படியே கேட்குமாம். மூலையில் எருமை. ஜன்னலடியில் ஒன்றுமே இல்லை. நான் தரையில் காதை வைத்திருந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார்.

"என்ன டீச்சர், தோடு விழுந்துடுச்சா?"

"புள்ளைக்குப் பாட்டு வைக்கிறேன்க்கா."

"தரையிலயா?" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறெதுவும் கேட்காமல் போய்விட்டார்.

இடப்பக்கச் சுவரில், மூலையிலிருந்து இரண்டு முழம் தள்ளி, சத்தம் தெளிந்தது. பெட்டியை அங்கே இறக்கினேன். பாடகரின் குரல் இன்னும் அந்தப் பெட்டிக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. அது எவ்வளவு உயர்ந்த சுருதி வரை பாடலாம் என்பதற்கான திருகைக் கீழே இறக்கினேன், குரல் ஸ்பீக்கர்களுக்குத் திரும்பியது. பின்பக்கம் ஒரு சின்ன சுவிட்ச். இந்தப் பக்கம் தள்ளினால் தவில் மெலிந்தது, அந்தப் பக்கம் தள்ளினால் நிறைந்தது. அந்தப் பக்கமே விட்டேன். தம்ளர்கள் அசையவில்லை.

கார் சத்தம் கேட்டது. அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு அவன் உள்ளே வந்தான். தலையில் முடி குச்சி குச்சியாக வளர்ந்திருந்தது. பெட்டியைப் பார்த்தான்.

"யாரும்மா வந்து வச்சுக் குடுத்தா?"

"நான்தான்."

நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டான். பாட்டைப் போட்டேன். நிறுத்தும் பொத்தான்மேல் என் விரல் இருந்தது. தவில் நுழைந்தபோது அவன் புருவம் சுருங்கியது. விரலை அழுத்தப் போனேன்.

"ரொம்பக் கம்மியா வச்சிருக்க," என்றான், கண்ணைத் திறக்காமல். "கொஞ்சம் கூட்டும்மா."