ஸ்காட்லாந்திலிருந்து பதில் வரும்வரை

கில்லி ஆட்டத்துக்கு ஏம்பலத்தில் ஒரு சட்டம், நல்லவாட்டில் வேறொரு சட்டம். ஏம்பலத்தில் கில்லியை ஒரு கையால் பிடித்தாலே அடித்தவன் ஆட்டம் போயிற்று. நல்லவாட்டில் இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். இரண்டு ஊர்க்காரர்களும் சேர்ந்து ஆடினால் முதலில் வாய்ச்சண்டை வரும், பிறகு கைச்சண்டை வரும், இருட்டுவதற்குள் எல்லோரும் அவரவர் வீட்டுக்குச் சோறு தின்னப் போய்விடுவார்கள். யாரும் நியாயம் கேட்டுச் சீமைக்குக் கடிதம் எழுதியதில்லை. நாங்கள் நாகரிகத்தில் பின்தங்கியிருந்ததற்கு அதுவே அடையாளம் என்று என் அதிகாரி சொல்லுவார்.

என் அதிகாரி பிரெஞ்சுக்காரர். அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த பாகூர்ப் பக்கத்து ஏரிகளும் வாய்க்கால்களும் அவர் பொறுப்பில் இருந்தன. எந்த வாய்க்காலில் எப்போது பலகையைத் தூக்கித் தண்ணீர் விடுவது, எப்போது இறக்கி அடைப்பது என்பதெல்லாம் அவர் கையெழுத்தைப் பொறுத்தது. நான் அவருடைய குமாஸ்தா. பிரெஞ்சும் இங்கிலீஷும் தெரிந்ததால் மொழிபெயர்ப்பாளன். எங்கள் ஊர் ஏரிக்குக் கீழே கொஞ்சம் நஞ்சை இருந்ததால் விவசாயியும்கூட. காலையில் காகிதத்தில் தண்ணீர் திறந்துவிடுவேன். சாயங்காலம் அது வயலுக்கு வந்து சேர்ந்ததா என்று மண்வெட்டியோடு போய்ப் பார்ப்பேன்.

அவருக்குக் கோல்ஃப் பைத்தியத்தை ஏற்றிவிட்டவர், டவுன் ஆலை ஒன்றில் இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டிருந்த ஓர் இங்கிலீஷ்காரர். ஆடுவதற்குத் தோதான புல்வெளி எங்கும் அகப்படாமல், கோடையில் வற்றிக் கிடந்த எங்கள் ஏரியைப் பிடித்துக்கொண்டார்கள். ஏரி வற்றினால் நாங்கள் அதில் மாடு மேய்ப்போம், வெள்ளரி போடுவோம். அந்த வெள்ளரிப் பாத்திகளுக்கு நடுவே குழி தோண்டி, பால் டப்பாவைப் புதைத்து, பக்கத்தில் சிவப்புத் துணிக் கொடியும் நட்டார்கள். ஊர்க்காரர்கள் இதற்குத் துரை கில்லி என்று பெயர் வைத்தார்கள்.

இங்கிலீஷ்காரரிடம் சட்டப் புத்தகம் ஒன்று இருந்தது. அவர் அதைத் தமக்குச் சாதகமாகப் படிக்கிறார் என்று என் அதிகாரிக்குச் சந்தேகம். அதனால் முழுவதையும் பிரெஞ்சில் எழுதித் தரும்படி எனக்கு உத்தரவு. ஆலமர நிழலில் மாடு அசைபோடுவதைப் பார்த்துக்கொண்டே, உலகம் எப்படி ஆளப்படுகிறது என்பதை நான் அப்போதுதான் கற்றுக்கொண்டேன். ஸ்காட்லாந்தில் கடற்கரையோரம் ஒரு சங்கம் இருந்தது. அங்கே சில கனவான்கள் உட்கார்ந்து, எந்தத் தேசத்தில் எவன் பந்து எந்தப் பள்ளத்தில் விழுந்தாலும் அதற்கு என்ன தண்டனை என்று தீர்ப்புச் சொல்லுவார்கள். அமெரிக்காக்காரர்கள் மட்டும் தனியாக ஒரு சங்கம் வைத்துக்கொண்டு, தங்கள் பந்து கொஞ்சம் பெரிதாகத்தான் இருக்கும் என்று அடம்பிடித்தார்கள். மற்றப்படி ஸ்காட்லாந்து சொன்னதுதான் வேதம். ராஜாவின் தலையை வெட்டிய தேசத்தில் பிறந்த என் அதிகாரி, இந்தப் பந்து விஷயத்தில் மட்டும் ஸ்காட்லாந்துக் கனவான்களுக்குக் கட்டுப்பட்டார். அது அவருக்கு வருத்தம்தான், ஆனாலும் கட்டுப்பட்டார்.

புத்தகத்தில் ஒரு விதி எனக்குப் பிடித்திருந்தது. வளர்ந்து நிற்கும் எதையும், அது புல்லாக இருந்தாலும், ஆட்டக்காரன் தன் வசதிக்காக வளைக்கவோ ஒடிக்கவோ கூடாது. வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் அதைத் தமிழில் சொன்னேன்.

"நல்ல மனுசங்களாத்தான் இருப்பாங்க போல," என்றாள். அப்போது அவள் விதைநெல்லை ஊறப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த ஆவணியில் மேற்கே நல்ல மழை என்று சேதி வந்தது. ஆற்றில் தண்ணீர் வந்தால் வாய்க்காலில் வரும், வாய்க்காலில் வந்தால் ஏரி நிறையும். அதை நம்பி முந்திக்கொண்டு நாற்று விட்டவள் என் மனைவி. குளத்திலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றியதில் நாற்று பச்சைப் பசேலென்று முளைத்து நின்றது. வாய்க்கால் தண்ணீரும் சொன்னபடி வந்து, ஏரியின் வாயில் நின்றது. ஆனால் பலகையைத் தூக்கவில்லை. துரைகளின் வருஷாந்தரப் போட்டிக்கு ஒரு குழி பாக்கியிருந்தது.

அந்தக் கடைசிக் குழியில்தான் வினை பிடித்தது. அடைத்த பலகையின் இடுக்கில் கசிந்த தண்ணீர் சிறு குட்டையாகத் தேங்கியிருக்க, என் அதிகாரி அடித்த பந்து நேராக அதில் போய் விழுந்தது. சட்டத்தில் தண்ணீர் இரண்டு வகை. மழை பெய்து தற்செயலாகத் தேங்கியது என்றால் பந்தை எடுத்து வெளியே போட்டு ஆடலாம், தண்டனை இல்லை. ஏரி, குளம், வாய்க்கால் என்றால் ஓர் அடி தண்டனை. இருவரும் சமமாக ஆடி வந்திருந்தார்கள். அந்த ஓர் அடியில்தான் வெள்ளிக் கோப்பை யாருக்கென்பது இருந்தது.

"இது தற்செயலாக வந்த தண்ணீர்," என்றார் பிரெஞ்சுக்காரர்.

"இது ஏரி. இதற்கு நீங்கள்தான் அதிகாரி," என்றார் இங்கிலீஷ்காரர்.

சந்தேகம் வந்தால் உள்ளூர்க் கமிட்டி தீர்க்கவேண்டும் என்று சட்டம். எங்கள் உள்ளூர்க் கமிட்டியில் இரண்டே உறுப்பினர்கள், அவர்களும் இவர்கள்தான். காரியதரிசியான எனக்கு ஓட்டு இல்லை. ஆகவே ஸ்காட்லாந்துக்கு எழுதிக் கேட்பது என்று முடிவாயிற்று. பதில் வரும்வரை பந்து கிடந்த இடத்திலேயே கிடக்கவேண்டும். அது அசையக் கூடாதென்று ஒரு பஞ்சாரத்தைக் கவிழ்த்து மூடி, சிவப்புத் தொப்பிச் சிப்பாய் ஒருவரைக் காவலுக்கு நிறுத்தினார்கள். கோழி இல்லாத பஞ்சாரத்துக்குச் சர்க்கார் காவல் போட்டதை நான் அன்றுதான் பார்த்தேன்.

கடிதத்தை எழுதியவன் நான். கப்பல் ஏறி அது போய்ச் சேரவும் பதில் திரும்பவும் ஆகிற காலத்தில் நாற்று நட்டுக் கதிரே வந்துவிடும். அந்த இடத்தில் ஒரு கழியை நட்டு அடையாளம் வைத்துக்கொண்டு தண்ணீர் விடலாமே என்று பணிவாகச் சொல்லிப் பார்த்தேன். "சாட்சியைத் தண்ணீரில் மூழ்கடிக்கச் சொல்கிறாயா?" என்று கேட்டார் என் அதிகாரி.

வாய்க்கால் தண்ணீரைச் சும்மா நிறுத்திவைக்க முடியாது, கரை உடைந்துபோகும். ஆகவே அதைக் கிளைவாய்க்காலில் திருப்பிவிட்டார்கள். அது இங்கிலீஷ் எல்லைக்குள் போய் அடுத்த ஊர் ஏரியை நிரப்பியது. அந்த ஊர்க்காரர்களுக்கு ஏன் இந்த அதிர்ஷ்டம் என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் அவர்கள் அவசரப்படவில்லை.

எங்கள் நாற்றங்கால் வெடித்தது. குளமும் அடிமண்ணுக்கு வந்துவிட்டது. நாற்றின் நுனி பழுத்து, பிறகு தாள் முழுவதும் வைக்கோல் நிறத்துக்குப் போயிற்று. பக்கத்து வயல்காரர் எனக்கு மச்சான் முறை, வரப்பில் நின்று கேட்டார்: "இன்னா மச்சான், அந்த முட்டைய எப்போ எடுக்கப் போறாங்க? ஒங்க துரைதான, ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" சொல்லியாயிற்று என்றேன். அவர் நம்பவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பஞ்சாரத்தை உதைத்துத் தள்ளியிருப்பேன். சிப்பாய் இருந்தார், வேலையும் இருந்தது.

கடைசியில் எனக்கே ஒரு யோசனை வந்தது. துரைகள் இருவரும் சேர்ந்திருந்த ஒரு மாலையில், மிகுந்த கவலையோடு முகத்தை வைத்துக்கொண்டு பேசினேன். "தண்ணீர் எந்த வகை என்று ஸ்காட்லாந்தார் திருப்பிக் கேட்டால் என்ன சான்று காட்டுவது? பரிசோதனை செய்து எழுதினால் நம் கமிட்டிக்கு மதிப்பு. பலகையைத் தூக்கிப் பார்ப்போம். வந்த தண்ணீர் வடிந்துபோனால் அது தற்செயல். நின்றுவிட்டால் ஏரி."

பரிசோதனை என்ற சொல் என் அதிகாரியைத் தொட்டுவிட்டது. ஏரியில் தண்ணீர் நிற்கும் என்று இங்கிலீஷ்காரருக்கு நிச்சயம். இருவரும் சம்மதித்தார்கள். மறுநாள் காலை பஞ்சாரத்தை எடுத்துவிட்டு அங்கே ஒரு நீளமான மூங்கிலை நட்டு, விஞ்ஞானத்துக்காகப் பலகையைத் தூக்கினார்கள். ஊரே கரையில் நின்று கற்பூரம் காட்டியது. எங்கள் ஏரி ஏரிதானா என்று அறிந்துகொள்ள எங்கள் ஏரிக்குத் தண்ணீர் வந்தது.

ஆனால் வேகம் போய்விட்டிருந்தது. ஆற்றில் வெள்ளம் வடிந்து, வாய்க்காலில் முழங்கால் தண்ணீர்தான் ஓடியது. பின்னால் நாற்று விட்டவர்கள் தப்பித்தார்கள். எங்களுடையதில் ஓரத்தில் ஒரு சிறு பாத்தி மட்டும் பிழைத்தது. என் மனைவி ஏம்பலத்தில் தன் அண்ணன் வீட்டில் நட்டு மிஞ்சிய நாற்றைக் கட்டுக்கட்டாகச் சுமந்து வந்து நட்டாள். பருவம் தவறிய நடவு. பூக்கும் நேரத்தில் அடைமழை பிடித்துக்கொண்டது. பாதிக்குமேல் பதர்.

ஸ்காட்லாந்திலிருந்து பதில் மார்கழிக் கடைசியில் வந்தது. கண்ணியமான பதில். ஏரிப் படுகை என்பது தண்ணீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏரிதான். ஆகவே அதற்குள் மட்டையைத் தரையில் ஊன்றி ஆடியவர் அந்தந்தக் குழியைத் தோற்றவராவார். தாங்கள் விவரித்த மைதானம் முழுவதும் ஏரிக்குள் இருப்பதாகத் தெரிவதால், கனவான்கள் இருவரும் இதுவரை ஆடிய எல்லாக் குழிகளையும் தோற்றிருக்கிறார்கள் என்று வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்.

நான் வாசித்து முடித்ததும் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கைகுலுக்கிக்கொண்டு ஒரு பாட்டில் திறந்தார்கள். அடுத்த வருஷம் தவளக்குப்பத்துப் பக்கம் ஒரு மேட்டு நிலம் பார்ப்பதென்று பேசிக்கொண்டார்கள். ஸ்காட்லாந்துக்கு நன்றி தெரிவித்துக் கடிதம் எழுதும்படி எனக்கு உத்தரவாயிற்று. எழுதித் தபாலில் சேர்த்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

அறுப்பு முடிந்த சமயம். என் மனைவி களத்தில் முறத்தோடு நின்று நெல் தூற்றிக்கொண்டிருந்தாள். நடந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"வளந்து நிக்கறத ஒடிக்கக் கூடாதுன்னு அந்தப் பொஸ்தகத்துல இருக்குதுன்னு சொன்னீங்களே," என்றாள். "நம்ம நாத்தும் வளந்துதான நின்னுச்சு? அதப் பத்தி ஒரு வரி எழுதிக் கேட்டீங்களா?"

கேட்கவில்லை என்றேன். பந்துக்கு நியாயம் கேட்க எந்த ஊருக்கு எழுதவேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். நாற்றுக்கு எந்த ஊருக்கு எழுதுவது என்று அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை.