வாய்காட்டுற பிள்ளைக்கு எந்தக் கொலிஜ்?

என் மகளுக்கு இரண்டு இடங்கள் கிடைத்திருந்தன. ஒன்று, பெயரைச் சொன்னால் எங்கள் ஈஸ்ட் ஹாம் தமிழர் முழுக்கத் தலையாட்டும் பெரிய பல்கலைக்கழகத்தில் பார்மசி. மற்றது லண்டனுக்குள்ளேயே ஒரு சின்ன லிபரல் ஆர்ட்ஸ் கொலிஜ். தத்துவம், வரலாறு, இலக்கியம் எல்லாவற்றையும் கலந்து படிப்பிப்பார்களாம். வகுப்பில் பன்னிரண்டு பேருக்கு மேல் இராதாம். எதற்குப் போவது என்று வெள்ளிக்கிழமைக்குள் பதில் போட வேண்டும்.

அந்த ‘ஆர்ட்ஸ்’ என்ற சொல்தான் எல்லாக் கரைச்சலுக்கும் காரணம். யாழ்ப்பாணத்தில் நான் படித்த காலத்தில் கெட்டிக்காரருக்கு பயோ, மட்ஸ். கொஞ்சம் குறைந்தவருக்கு கொமேர்ஸ். ஒன்றுமே ஏலாதென்றால் ஆர்ட்ஸ். யாரும் எழுதி வைத்த சட்டமில்லை, ஆனால் அம்மாமாருக்கெல்லாம் மனப்பாடம். போதாததற்கு, எங்கள் ஊரில் கொலிஜ் என்றால் பள்ளிக்கூடம். என் அண்ணைக்கு போனில் விஷயத்தைச் சொன்னேன்.

“ஏன் தங்கச்சி, பிள்ளைக்குப் படிப்பு ஏறேல்லையோ?” என்றார், செத்தவீட்டில் கதைக்கிற குரலில்.

“ஏறுது அண்ணை. எல்லாத்திலையும் ஏ வரும் எண்டு ரீச்சர்மார் எழுதிக் குடுத்திருக்கினம்.”

“பிறகென்னத்துக்குப் படம் கீறப் போறாள்?”

படம் கீறுகிற படிப்பில்லை என்று விளக்குவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. அண்ணையைச் சொல்லிக் குற்றமில்லை. எனக்குள்ளும் அதே கேள்விதான் இருந்தது. ஆனால் மீனென்றாலும் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வாங்குகிற ஆள் நானில்லை. புதன்கிழமை பெற்றோரும் வகுப்பில் வந்து இருந்து பார்க்கலாம் என்று அந்தக் கொலிஜில் சொன்னார்கள். வேலையில் ஷிப்டை மாற்றிக்கொண்டு மகளோடு போனேன்.

கொப்பி ஒன்றில் கேள்விகளை எழுதிக்கொண்டுதான் போனேன். படித்து முடித்தவர்கள் இப்போது என்ன வேலை செய்கிறார்கள்? படிப்பு ஒத்துவராவிட்டால் பாதியில் மாறலாமா? ஒரு பிள்ளை மூன்று நாள் வராவிட்டால் யாருக்குத் தெரியும்? வாசலில் இருந்த பெண் ஒன்றுவிடாமல் பதில் சொன்னார். கடைசிக் கேள்விக்கு மட்டும் சிரித்தார். “இங்கே ஒரு நாள் வராவிட்டாலே எல்லாருக்கும் தெரிந்துவிடும்” என்றார். அது எனக்குப் பிடித்தது. சின்ன இடத்தில் ஒளிக்க முடியாது.

வகுப்பு என்றால் ஒரு நீள மேசை, அவ்வளவுதான். ஒன்பது பிள்ளைகள், விருந்தாளியாக என் மகள், அவளுக்குப் பக்கத்தில் நான். என் வயது மதிக்கத்தக்க வெள்ளைக்காரப் பேராசிரியை. கொடுத்த வாக்கை எந்த நிலையிலும் காப்பாற்றத்தான் வேண்டுமா என்பது பேச்சு. வேண்டும் என்று பேராசிரியை வாதாடிக்கொண்டிருந்தார்.

“நான் அதை ஒத்துக்கொள்ள மாட்டேன்” என்றது ஒரு குரல். ஐயோ, என் மகள்!

படிப்பிக்கிறவரை எதிர்த்து வாய்காட்டுறதோ? மேசைக்குக் கீழே அவளுடைய காலை ஓங்கி ஒரு உதை உதைத்தேன். எங்கள் வீட்டில் அவள் அமைதிக்குப் பேர்போனவள். கோயிலில் ஆட்கள் “சத்தம் சலார் இல்லாத பிள்ளை” என்று சொல்லும்போது எனக்குத் தலைகால் புரியாது. அந்தப் பிள்ளை இப்போது காலை இழுத்துக்கொண்டு மேலே மேலே பேசினாள். பேராசிரியை கோபப்படவில்லை, கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு திருப்பிக் கேட்டார். இவள் விடவில்லை. எதிரே இருந்த ஒரு பெண் குறுக்கே ஒரு கேள்வி போட, “அதை நான் யோசிக்கவில்லை” என்று ஒத்துக்கொண்டு, யோசித்து, மறுபடி தொடங்கினாள். முகமெல்லாம் சிவந்து, கைகளை ஆட்டி ஆட்டி. பதினெட்டு வருஷம் சோறு போட்ட எனக்கு அந்த முகத்தைத் தெரியாது.

பழக்கதோஷம் விடுமா? வகுப்பு முடிந்ததும் நேரே போய்ப் பேராசிரியையிடம் மன்னிப்புக் கேட்டேன். “வீட்டில் இவள் இப்படி எதிர்த்துக் கதைக்கிறதே இல்லை” என்றேன், நற்சான்றுப் பத்திரம் கொடுக்கிற மாதிரி.

அவர் என்னை விளங்காமல் பார்த்தார். “ஏன் இல்லை?” என்று கேட்டார்.

எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிற வாய்க்காரி நான். அன்று கொப்பியைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

திரும்பி வரும்போது டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் மகள் எனக்கு நேரெதிர் இருக்கையில் இருந்தாள். உனக்கு எது விருப்பம் என்று கேட்டேன்.

“அப் டு யூ, அம்மா” என்றாள். “பார்மசி எண்டாலும் ஓகே.”

பழையபடி அதே அமைதியான முகம். எனக்குச் சுர்ரென்று ஏறியது. என் அப்பா ஏஎல் என்கிற உயர்தரப் படிப்புக்கான படிவத்தில் ‘பயோ’ என்று எழுதியபோது நானும் இதைத்தான் சொன்னேன், தமிழில்: “உங்கட விருப்பம், அப்பா.” எனக்குச் சரித்திரம் படிக்க ஆசை. அப்பா கேட்கவுமில்லை, நான் சொல்லவுமில்லை. பயோவை இரண்டு தரம் எழுதி இரண்டு தரமும் கோட்டை விட்டேன். அதற்குப் பிறகு என்னை எவரும் எதையும் கேட்கவில்லை.

“அங்க ஆரோ ஒரு மனிசியோடை அந்த வாய் காட்டினாய்” என்றேன். “பெத்தவளோடை ஒருக்கா வாய்காட்டன் பாப்பம்!”

பெட்டியில் இருந்த பாதிப்பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். மகள் மட்டும் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் சப்பாத்தைப் பார்த்தாள்.

“உதைக்க மாட்டியளோ?”

விளையாட்டாகக் கேட்கவில்லை அவள். நான் இரண்டு காலையும் இருக்கைக்கு அடியில் இழுத்துக்கொண்டேன்.

“மாட்டன். சொல்லு.”

“எனக்குப் பார்மசி வேண்டாம், அம்மா” என்றாள்.