தோகைக்கு வைத்த வளையல்கள்

ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அதன் பிறகு எந்த ஊரிலும் சேர்ந்தாற்போல் சில வாரம் தங்கினால் கால் பரபரக்கும். அறுபதுகளின் தொடக்கத்தில் கொடைக்கானல் பங்களாக்களின் குப்பைக் குழிகளில் உடைந்த கோப்பை, தட்டு, நீல மருந்துப் புட்டி என்று பொறுக்கிச் சாக்கில் கட்டிக்கொண்டு மலை ஊர்களைச் சுற்றினேன். ஈரச் சுண்ணாம்புக் காரையில் சில்லுகளை அழுத்திக் கிளியோ பூவோ செய்வேன். சோறு கிடைக்கும். கிடைக்காத ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு நடப்பேன்.

கவுஞ்சியில் பூண்டு போடும் ஒருவர், மனைவி விஷக்காய்ச்சலில் பிழைத்தால் முருகன் கோயில் சுவரில் மயில் வைப்பதாக வேண்டியிருந்தார். அந்த அக்கா பிழைத்துக்கொண்டார்; மயில் வேலை என்னிடம் வந்தது. மயிலை முடிக்காமல் தைப்பூசத்துக்குக் காவடி தூக்க மாட்டேன் என்று பூண்டுக்காரர் சொல்லிவிட்டார். வெள்ளைக்காரர்களின் எச்சில் தட்டு சாமிக்கு ஆகாது என்பதால், எல்லாச் சில்லையும் சாம்பலில் தேய்த்து, மஞ்சள் தண்ணீரில் முக்கிக் காயவைத்தேன். அதிலேயே நாள் போனது.

கழுத்து முடிந்தது. தோகையில் நீலம் தீர்ந்துபோனது. கொடைக்கானல் போய்த் திரும்ப நேரமில்லை. அக்கா வீட்டுக்குள் போய்க் கண்ணாடி வளையல்களை அள்ளிக்கொண்டு வந்தார். காய்ச்சலில் மெலிந்தபோது தானாகக் கழன்றவை. உடம்பு தேறிய பின் கையில் ஏறவில்லை. நான் அவற்றைக் கல்லில் வைத்துச் சுத்தியலை ஓங்கினேன். பூண்டுக்காரர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“நான் உசுரோடதான தம்பி இருக்கேன்? இவ வளையலை ஒடைக்கிறீங்க?”

புருஷன் செத்தால்தான் வளையலை உடைப்பார்கள். எனக்குத் தெரியாததல்ல. வேலை முடிக்கிற அவசரத்தில் எதைப் பார்த்தாலும் சில்லாகத் தெரிந்தது.

“ஒடைக்காமலே வைங்க தம்பி,” என்றார் அக்கா. “தோகைக் கண்ணு வட்டமாத்தான கெடக்கு. காவடி தூக்கி மலை ஏறுற ஆளு, வளையலுக்குப் பயப்படுறாரு பாருங்க.”

பூண்டுக்காரர் சிரிக்கவில்லை. ஒன்று விழுந்து உடைந்தாலும் காவடிப் பயணம் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடிவாரத்தில் வெரசாக இறுகுகிற காரை, மேல்மலைப் பனியில் ஈரமாகவே இருந்தது. வளையல்கள் நழுவின. ஒவ்வொன்றையும் உள்ளங்கையால் அழுத்தியபடி நின்றேன். எதிரே மன்னவனூர்ப் பாதை தெரிந்தது. அந்தப் பக்கம் போகும் பொதிக்குதிரைகளைப் பார்க்கும்போதெல்லாம் கையை எடுத்துவிட்டு நடந்துவிடலாம் என்று தோன்றும். எடுக்கவில்லை. பொழுது சாய்ந்ததும் காரை நனையாமல் சாக்கைத் தொங்கவிட்டுச் சுவரை மூடுவேன்.

காவடி கிளம்புகிற அன்று வெள்ளனே அக்காவும் நானும் சாக்கை விலக்கினோம். எதுவும் விழவில்லை. ஆனால் ஓரத்திலிருந்த பச்சை வளையல் பனியில் குறுக்கே விரிசல் விட்டிருந்தது. கீழே தெருவில் மேளம் கேட்டது. அக்கா என்னைப் பார்க்கவில்லை. தட்டிலிருந்த காரையைக் கட்டைவிரலால் எடுத்து விரிசல்மேல் இழுகினார்.

“இவுக வந்திருவாக. இன்னுங் கொஞ்சம் குடுங்க.”

கொடுத்தேன். மஞ்சள் வேட்டியில் பூண்டுக்காரர் வந்தார். தோகையை ஒவ்வொரு வட்டமாகப் பார்த்தார். பச்சை வட்டத்தில் சுண்ணாம்பு கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தது. பிறகு குனிந்து காவடியைத் தோளுக்கு ஏற்றினார்.